கடலில் ஊன்றிய கால்கள்

1. இறங்கிய கோபுரம்

நெதர்லாந்தின் வடமேற்குக் கரையில் எக்மோண்ட் ஆன் ஸே என்று ஓர் ஊர். அதன் மணலில் நின்று மேற்கே பார்த்தால், 10 கிலோமீட்டருக்கு அப்பால் கடலுக்குள் காற்றாலைகள் நிற்பது தெரியும். மொத்தம் 36. ஒவ்வொன்றும் 3 மெகாவாட். ஷெல் நிறுவனமும் நூவான் என்ற டச்சு மின் நிறுவனமும் சேர்ந்து நிறுவியவை. 2007-ல் ஓடத் தொடங்கின. இருபது வருடமாவது தாங்கவேண்டியவை. ஆனால் 2009-லேயே அவற்றின் காலடியில் ஒரு கோளாறு வெளிப்பட்டது.

கோபுரங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

எதுவும் ஒடிந்து விழவில்லை. இறக்கைகள் வழக்கம்போல் சுற்றின, மின்சாரமும் கரைக்கு வந்தது. ஆனால் கோபுரத்தைத் தாங்கும் உருக்குக் குழாய், தன்னைப் பற்றியிருந்த சிமெண்ட் பிடியிலிருந்து நழுவி, சிறிது சிறிதாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. அதே முறையில் கால் ஊன்றிய காற்றாலைகள் அப்போது ஐரோப்பியக் கடல்களில் பல நூறு நின்றன. எக்மோண்டில் நழுவுகிறது என்றால் மற்ற இடங்களில்?

இதே வகை நழுவல் ஒன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கடல்சார் பொறியியலில் இதைவிட முக்கியமான பாடம் கடந்த கால் நூற்றாண்டில் இல்லை என்று நான் நினைக்கிறேன். இந்த வாரமும் அடுத்த இரண்டு வாரமும் அந்தக் கதைதான்.

கால் எப்படி ஊன்றப்படுகிறது என்பது தெரிந்தால்தான் நழுவியது எது என்று புரியும். சுமார் 4 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருக்குக் குழாயைக் கப்பலிலிருந்து நிமிர்த்தி, ராட்சதச் சுத்தியலால் கடலடி மண்ணுக்குள் அடித்து இறக்குவார்கள். இதற்குப் பெயர் மோனோபைல். ஓர் ஆலைக்கு ஒரே ஒரு கால். அந்தக் குழாயின் தலையில் சுத்தியல் அடி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விழும். அதனால் ஏணி, மேடை, கேபிள் குழாய் என்று எதையும் முன்கூட்டியே அதில் பற்றவைக்க முடியாது. பிய்ந்துபோகும். தவிர, மண்ணுக்குள் இறங்கும் குழாய் கொஞ்சம் சாய்ந்தே இறங்கலாம். அதன்மேல் கோபுரத்தை அப்படியே நிறுத்தினால் கோபுரமும் சாயும்.

இதற்குக் கண்ட வழி, சற்றே பெரிய இன்னொரு குழாயை மேலிருந்து மாட்டுவது. தளத்தில் வேலை செய்கிறவர்கள் இதை டிரான்சிஷன் பீஸ் என்பார்கள். நாம் இணைப்புக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். எடை நூறு டன்னுக்கு மேல். அதன் உட்புறத்தில் சில உருக்குத் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மோனோபைலின் விளிம்பில் உட்காரவைத்து, ஜாக்கி கொடுத்து ஏற்றி இறக்கி மட்டம் பார்ப்பார்கள். நேராக நின்றதும் இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள சில அங்குல இடைவெளியில் வலுமிக்க சிமெண்ட் கூழைப் பம்ப் செய்து நிரப்புவார்கள். இதுதான் கிரவுட். அது இறுகியபின் ஜாக்கிகளை எடுத்துவிடுவார்கள். அந்தக் கணம் முதல் கோபுரம், இறக்கைகள், மேலே இருக்கும் இயந்திர அறை, எல்லாவற்றின் எடையும் கிரவுட்டின் வழியாக மட்டும்தான் மோனோபைலுக்கு இறங்கவேண்டும். வேறு பிடிமானம் கிடையாது.

இந்த முறை ஒரே நாளில் வந்துவிடவில்லை. கடலில் நிறுவிய உலகின் முதல் காற்றாலைத் தொகுதி, 1991-ல் டென்மார்க்கின் விண்டெபியில் வந்தது. பதினொரு ஆலைகள், எல்லாம் சேர்ந்து 4.95 மெகாவாட். அவை நின்றது கான்கிரீட் பீடங்களின் மேல், தங்கள் எடையாலேயே. 1994-ல் நெதர்லாந்தின் எய்செல் ஏரியில், லெலி என்ற இடத்தில், நான்கு ஆலைகளை மோனோபைல் மேல் நிறுத்தினார்கள். 2002-ல் டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஹார்ன்ஸ் ரெவ். எண்பது ஆலைகள், 160 மெகாவாட். சோதனை முயற்சியாக இருந்த ஒன்று அன்றோடு தொழிலாக மாறிவிட்டது. தொழில் என்று ஆனபின் விதிப்புத்தகம் வேண்டுமல்லவா?

அதை எழுதியது நார்வேயின் டெட் நோர்ஸ்கே வெரிட்டாஸ், சுருக்கமாக டி.என்.வி. கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிப்பதற்காக 1864-ல் தொடங்கிய அமைப்பு. வடகடல் எண்ணெய் மேடைகள் வந்தபோது அவற்றுக்கும் விதி வகுத்தது. அது 2004 ஜூனில் கடல் காற்றாலைகளுக்கென்று ஒரு தரநூலை வெளியிட்டது. பெயர் ஜே101. கிரவுட் பிடி எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிட ஒரு சூத்திரமும் அதில் இருந்தது. துறையில் இருந்த அனைவரும் அதை நம்பினார்கள். நம்பாமலிருக்க யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

இப்போது ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கிடக்கும் சால்வே கழிமுகத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்துக் கடலின் முதல் காற்றாலைத் தொகுதியை ராபின் ரிக் என்ற மணல்திட்டில் நிறுவ இ.ஆன் நிறுவனம் முடிவு செய்தது. அறுபது ஆலைகள், 180 மெகாவாட். அடித்தளங்களை வடிவமைத்துக் கட்டித்தரும் ஒப்பந்தம் 2006 டிசம்பரில் எம்.டி. ஹொய்கோர் என்ற டேனிஷ் நிறுவனத்துக்குப் போனது. வடிவமைப்பை அவர்கள் ராம்போல் என்ற பொறியியல் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஜே101 சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். வழவழப்பான இரண்டு குழாய்களும் நடுவே கிரவுட்டும் இருந்தால் எடை தாராளமாக நிற்கும் என்று விடை வந்தது. டி.என்.வி.யே வடிவமைப்பைப் பரிசீலித்துச் சான்றும் தந்தது. 2009 பிப்ரவரியில் கடைசி அடித்தளமும் முடிந்தது.

ஏழு மாதம் கழிந்தது. எக்மோண்டில் நடந்ததை அறிந்த டி.என்.வி. பொறியாளர்கள் தங்கள் தரநூலையே முதல் வரியிலிருந்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2009 செப்டம்பர் 28 அன்று ஹொய்கோருக்கும் துறையில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

நாங்கள் கொடுத்த சூத்திரத்தில் ஒரு மதிப்பு தவறு என்பது அதன் சாரம். சால்வே கழிமுகத்தில் அதே மதிப்பை வைத்துக் கட்டிய அறுபது கால்கள் அலைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தன.

(அடுத்த வாரம்: மயிரிழையில் மறைந்திருந்த தவறு)

2. பத்து மடங்கு

கடிதம் சுட்டிக்காட்டிய மதிப்பு, உருக்குக் குழாயின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளத்தின் உயரம்.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் தகடும் முழுச் சமதளமாக இருப்பதில்லை. கிரவுட் அந்தச் சிறு மேடுபள்ளங்களின் அச்சைத் தன்மேல் வாங்கிக்கொண்டு இறுகுகிறது. குழாய் நழுவ முயலும்போது மேடும் மேடும் முட்டுகின்றன. முட்டியதும் கிரவுட் பக்கவாட்டில் நெருங்குகிறது, குழாயை இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில் பிறக்கும் உராய்வுதான் எடையைத் தாங்குகிறது. ஆகவே மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு பிடிப்பு.

ஜே101 அந்த உயரத்துக்கு ஒரு கணக்கு கொடுத்திருந்தது. உருட்டித் தயாரித்த உருக்குத் தகடானால், குழாயின் ஆரத்தை 0.00037-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நாமே போட்டுப் பார்க்கலாம். ஆரம் 2 மீட்டர் என்றால் 0.74 மில்லிமீட்டர். ஆனால் இந்த மதிப்பு சுமார் 10 மடங்கு பெரிது என்று பின்னால் தெரிந்தது. பத்தில் ஒரு பங்கு என்றால் 0.07 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவு மெல்லிய மேடுகளை நம்பித்தான் ஒவ்வொரு கோபுரமும் நின்றிருந்தது.

தவறின் அளவைவிட அதன் குணம்தான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. குழாய் பெரிதானால் மேடும் அதே விகிதத்தில் உயரும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஓர் உருக்காலையில் உருட்டி வரும் தகட்டை எவ்வளவு பெரிய குழாயாக வளைத்தாலும் அதன் சொரசொரப்பு அதேதான். ஆரம் கூடக் கூட, அதே உயரமுள்ள மேடு தரும் இறுக்கம் குறைந்துகொண்டே போகும். பெரிய குழாயின் பிடி சிறிய குழாயின் பிடியைவிடத் தளர்வானது என்பதுதான் இயற்பியல். சூத்திரத்தில் இந்த உண்மை தெரியாமலே போய்விட்டது.

இந்தக் கிரவுட் முறை காற்றாலைக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. எண்ணெய் மேடைகளிலிருந்து இரவல் வாங்கியது. அங்கே நான்கு கால், ஆறு கால் கொண்ட உருக்குச் சட்டகம் நிற்கும். அதன் காலடியைத் தூணோடு கிரவுட்டால் பிணைப்பார்கள். அந்தத் தூண்கள் மோனோபைலைவிட மிகவும் சிறியவை. அலை சட்டகத்தைப் புரட்டப் பார்த்தால் ஒரு பக்கக் கால் அமுங்கும், மறுபக்கக் கால் இழுபடும். கிரவுட்டுக்கு வருவது பெரும்பாலும் மேலும் கீழுமான விசைதான். பிரிட்டனில் 1970-களில் நடந்த சோதனைகள் இந்த விசையை மனத்தில் வைத்துச் செய்தவை. அதோடு எண்ணெய் மேடைக்காரர்கள் குழாயின் மேல் வெல்டிங்கால் வளையம் வளையமாக மேடு போடுவார்கள். ஷியர் கீ என்று பெயர். நழுவல் அதில் தட்டி நின்றுவிடும்.

ஒற்றைக் காலில் நிற்கும் காற்றாலைக்கு நிலைமையே வேறு. அறுபது எழுபது மீட்டர் உயரத்தில் காற்று தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முழுவதும் வளைக்கும் விசையாகவே கிரவுட்டுக்கு வந்துசேர்கிறது. ஒருபுறம் குழாய்கள் நெருங்கும்போது மறுபுறம் மெல்லிய வாய் திறக்கிறது. அதற்குள் கடல்நீர் புகுகிறது. அடுத்த நொடி திசை மாறுகிறது. திறந்த வாய் மூடுகிறது, மூடிய பக்கம் திறக்கிறது, கிரவுட் தேய்கிறது. 6 நொடிக்கு ஓர் அலை என்று வைத்தாலே இருபது வருடத்தில் 10 கோடி அலைகள். இறக்கைகள் தரும் அதிர்வு தனி. ஒவ்வொரு அசைவிலும் குழாய் கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே உட்கார்ந்துகொள்கிறது.

எவ்வளவு தூரம் இறங்கும்? ஜாக்கிகளைக் கழற்றினாலும் உட்புறத் தாங்கிகள் அப்படியே இருக்கின்றன அல்லவா? இறங்கிய குழாய் அந்தத் தாங்கிகள்மேல் போய் உட்காரும். கோபுரம் கடலில் விழாமல் காத்தவை அவைதான். ஆனால் மட்டம் பார்ப்பதற்காகச் சில நாள் பயன்படும் என்று வைத்த தாங்கிகள் அவை. கோபுரத்தின் எடை சில புள்ளிகளில் குவிந்து மோனோபைலின் விளிம்பில் இறங்கினால், அங்கே உருக்கு களைப்படைந்து விரிசல் விடும். தாங்கிகளிலும் விரிசல் விழும். அவை இருபது வருடம் தாங்குமா என்று அதுவரை யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. போடவேண்டிய தேவையே வராது என்பதுதான் வடிவமைப்பு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பொறியாளர்கள் எதையும் விளிம்பில் கட்டுவதில்லை. பாதுகாப்புக் காரணி என்று ஒன்று வைத்து, வேண்டியதைவிட அதிக பலம் தருகிறார்கள். அது ஏன் காப்பாற்றவில்லை?

கட்டமைப்பு நம்பகத்தன்மை என்ற ஆய்வுத்துறையின் மையம் இதுதான். ஒரு கட்டமைப்பு உடையவே உடையாது என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்வார். ஜே101 குறிவைத்த அளவு, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. ஐம்பது வருடத்தில் ஒருமுறை வரும் புயல் எவ்வளவு பலமாக இருக்கும், உருக்காலையிலிருந்து வரும் உருக்கின் வலிமை தகட்டுக்குத் தகடு எவ்வளவு மாறும், கிரவுட் கலவை எவ்வளவு வேறுபடும், இவற்றையெல்லாம் நிகழ்தகவாக எழுதி, பத்தாயிரத்தில் ஒன்று வரும்படி பாதுகாப்புக் காரணிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அழகான கணிதம். அது எடுத்துக்கொள்வது இயற்கையின் ஏற்ற இறக்கத்தையும் பொருளின் ஏற்ற இறக்கத்தையும். அந்தக் கணிதம் நிற்கும் சூத்திரமே பிசகியிருந்தால் அந்தப் பிசகு எந்தப் பரவலுக்குள்ளும் அடங்காது. அலையும் உருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே போனால் தாங்கும் காரணிகள், 10 மடங்குத் தவறின் முன்னே ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே வாய்ப்பு என்ற கணக்கும் பொய்யாகிவிடும். எல்லாமே ஒரே சூத்திரத்தில் பிறந்தவை. ஒன்று நழுவினால் எல்லாம் நழுவும்.

டி.என்.வி. இதை மூடிமறைக்கவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். துறையின் நிறுவனங்களைச் சேர்த்து ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்கியது. பொறியாளர் லோட்ஸ்பெர்க் போன்றவர்கள் கிரவுட் பிணைப்பின் இயக்கவியலை அடிப்படையிலிருந்து மறுபடி எழுதினார்கள். ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் பேட்டர் ஷௌமானின் குழுவும் இந்தப் பிணைப்புகளைச் சோதனைக்கூடத்தில் ஆட்டிப் பார்த்து ஆராய்ந்துவந்தது. விட்டம் கூடினால் பிடி குறையும் என்பதும், வளைவு விசை மாறி மாறி வரும் இடத்தில் வழவழப்பான நேர்க்குழாய்களை உராய்வை நம்பி விடக்கூடாது என்பதும் உறுதியாயின. புதிய ஆலைகளுக்கு இரண்டு வழி பிறந்தது. ஒன்று, குழாய்களை லேசான கூம்பாக்குவது. கீழே இறங்கினால் இன்னும் இறுகும். மற்றொன்று, பழைய ஷியர் கீ. பின்னாளில் பலர் எடையை கிரவுட்டிடம் விடுவதையே நிறுத்திவிட்டு, பெரிய போல்ட்டுகளால் முடுக்கினார்கள். ஏற்கெனவே நிற்கும் ஆலைகள் பலவற்றில் குழாய்களுக்கிடையே ரப்பர் தாங்கிகளைச் செருகி எடையைப் பகிர்ந்தார்கள்.

ராபின் ரிக்? 2010-ல் அங்கும் நழுவல் தொடங்கிவிட்டது. பழுது பார்க்கும் செலவு எவ்வளவு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின: 26.25 மில்லியன் யூரோ. அதை யார் தருவது என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

புத்தகம் சொன்னபடி கட்டினோம், புத்தகம் தவறு என்றால் நாங்கள் என்ன செய்வோம் என்றது ஹொய்கோர். இ.ஆனின் வழக்கறிஞர்கள் ஒப்பந்தத்தைப் புரட்டினார்கள். தொழில்நுட்பத் தேவைகள் என்ற நீண்ட பகுதியின் நடுவே, 3.2.2.2 என்ற எண்ணின் கீழே, ஒரு வாக்கியம் இருந்தது.

(அடுத்த வாரம்: மூன்று நீதிமன்றங்கள்)

3. ஒரு வாக்கியம்

அடித்தளங்களின் வடிவமைப்பு, திட்டமிட்ட மாற்றுதல் ஏதும் இல்லாமல், எல்லா வகையிலும் இருபது ஆண்டு ஆயுளை உறுதிசெய்ய வேண்டும். அந்த வாக்கியத்தின் பொருள் இவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் வேறு வாக்கியங்களும் இருந்தன. ஜே101-ஐப் பின்பற்று, தகுந்த திறமையோடும் கவனத்தோடும் வேலை செய் என்று அவை கூறின. ஹொய்கோர் ஜே101-ஐப் பின்பற்றியது. கவனக்குறைவு இருந்ததாக நீதிமன்றம் காணவும் இல்லை. துறையே நம்பிய தரநூல், அதை எழுதியவர்களே தந்த சான்று, பெயர்பெற்ற வடிவமைப்பாளர். இதற்கு மேல் ஒரு ஒப்பந்தக்காரர் என்ன செய்திருக்க முடியும்? ஒரு சூத்திரத்தைக் கையில் வாங்கும் பொறியாளர் அதன் ஒவ்வொரு மாறிலியையும் சோதனைக்கூடத்தில் நிரூபித்துவிட்டா பயன்படுத்துகிறார்? நான் இந்த வழக்கைப் படிக்கப் படிக்க ஹொய்கோரின் பக்கமே மனம் சாய்ந்தது.

2014 ஏப்ரலில் முதல் தீர்ப்பு. நீதிபதி எட்வர்ட்ஸ் ஸ்டூவர்ட், இருபது ஆண்டு என்று எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றார். ஹொய்கோர் தோற்றது.

ஒரு வருடம் கழித்து, 2015 ஏப்ரலில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. கட்டுமான வழக்குகளில் பெரிய பெயரெடுத்த நீதிபதி ஜாக்சன் ஒப்பந்தத்தை முழுமையாகப் பார்த்தார். ஆவணம் முழுக்க ஜே101-ஐச் சுற்றியே நடக்கிறது. இருபது ஆண்டு என்பது அங்கே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் காலம்தான். அவ்வளவு பெரிய உத்தரவாதத்தை யாரும் தொழில்நுட்பப் பகுதியின் ஒரு துணைப்பிரிவில் ஒளித்துவைக்க மாட்டார்கள். அதைத் தொங்கவிட அந்த நூல் மெல்லியது என்ற பொருளில் எழுதினார். ஹொய்கோர் வென்றது. கட்டுமான நிறுவனங்கள் மூச்சுவிட்டன.

இ.ஆன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே ஐந்து நீதிபதிகள். தலைமை நியூபர்கர் பிரபு. அவர் கையில் எடுத்த பழைய வழக்குகளில் ஒன்று 1876-ஐச் சேர்ந்தது, அதுவும் தண்ணீருக்குள் கால் ஊன்றிய கதைதான். லண்டனில் தேம்ஸ் நதிமேல் இருந்த பழைய பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தை அகற்றிப் புதிது கட்ட நகராட்சி ஒப்பந்தம் விட்டது. நகராட்சியின் பொறியாளர் வரைந்த திட்டப்படி ஆற்றுக்குள் பெட்டிகளை இறக்கி, அதற்குள் அடித்தளம் போடவேண்டும். இறக்கிய பெட்டிகள் பயன்படவில்லை. வேறு முறையில், கூடுதல் செலவில் வேலையை முடித்த ஒப்பந்தக்காரர், திட்டம் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது என்று வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. ஒப்புக்கொண்டவர், அது முடியுமா என்று பார்த்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றது. 1934-ன் இன்னொரு வழக்கு, வரைபடம் கொடுத்துச் செய்யச்சொன்ன கப்பல் உந்திகளைப் பற்றியது. வரைபடத்தில் சொல்லாததைத் தன் திறமையால் முடிக்கவேண்டியவர், உந்தி வேலைக்கு ஆகாமல் போனால் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று ஆனது.

2017 ஆகஸ்ட் 3 அன்று தீர்ப்பு வந்தது. ஐவரும் ஒருமனதாக இ.ஆன் பக்கம்.

நியூபர்கரின் தர்க்கம் எளிமையானது. ஒப்பந்தம் இரண்டு அளவுகோல்களைத் தருகிறது, ஜே101 ஒன்று, இருபது ஆண்டு மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. ஒன்று மற்றதைவிடக் கடுமையானது, அவ்வளவே. தொழில்நுட்பத் தேவைகளில் சொல்லியிருப்பவை குறைந்தபட்சம்தான், அதைவிடக் கடுமையான அளவு எங்கே தேவை என்று கண்டறிவது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு என்று அந்த ஆவணமே சொல்கிறது. அப்படியானால் கடுமையானதையே பின்பற்ற வேண்டும். தரநூலைப் பின்பற்றியதால் மற்ற கடமை கரைந்துபோகாது. அந்த வாக்கியம் எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவின் கீழ் இருக்கிறது என்பது அதன் பலத்தைக் குறைக்காது.

ஹொய்கோருக்கு ஒரு வாதம் மீதமிருந்தது. குறைகளைச் சரிசெய்யும் காலம் 24 மாதம் என்று ஒப்பந்தமே சொல்லும்போது, இருபது வருடப் பொறுப்பு எப்படிச் சேரும்? அதற்கும் விடை வந்தது. இருபது வருடம் நின்றே தீரும் என்று சத்தியம் செய்ததாகப் படிக்க வேண்டியதில்லை. இருபது வருடம் நிற்கும்படி வடிவமைத்துக் கொடுத்தேன் என்ற உறுதியாகப் படித்தாலே போதும். நழுவும் கால் அப்படி வடிவமைத்த கால் அல்ல.

தீர்ப்பைப் படித்து முடித்தபோது என் சாய்வு மாறியது. ஹொய்கோர் மேல் இரக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் யாரோ ஒருவர் நட்டத்தைச் சுமந்தாகவேண்டும். புத்தகத்தைக் காட்டினால் போதும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால், புத்தகத்தைச் சந்தேகிக்கும் வேலை யாருடையதும் இல்லாமல் போயிருக்கும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிரிட்டனில் கட்டுமான ஒப்பந்தங்களை எழுதுகிறவர்கள், தரநூலுக்கும் ஆயுள் உறுதிக்கும் இடையே எது மேலோங்கும் என்று வெளிப்படையாக எழுதவேண்டிய கட்டாயம் வந்தது. காப்பீடு விற்கிறவர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் இது முக்கியமான செய்தி. கவனத்தோடு செய்தேன் என்பதற்குக் காப்பீடு கிடைக்கும். இருபது வருடம் நிற்கும் என்று சொல்லிவிட்டேன் என்பதற்குக் கிடைப்பது கடினம்.

இது நமக்கும் தொலைவான விஷயம் அல்ல. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை குஜராத் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு நிதி ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் யாராவது ஒரு நாள் ஒப்பந்தம் எழுதுவார்கள். அதில் எந்தத் தரநூலின் பெயர் வரும், அதன் மாறிலிகள் எந்த அளவுக் குழாயில், எந்தக் கடலில் சோதித்துப் பெற்றவை என்று கேட்கிற ஒருவராவது அந்த அறையில் இருக்கவேண்டும்.

ராபின் ரிக்குக்குத் திரும்புவோம். பழுதுபார்க்கும் வேலை 2014-லேயே தொடங்கிவிட்டது. பிடி சரியானால் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் இன்று அங்கே போய் எண்ணினால் 58 ஆலைகள்தான் இருக்கும். இரண்டை 2015-ல் அகற்றிவிட்டார்கள். கிரவுட்டின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. கழிமுகத்தின் நீரோட்டம் இடம் மாறியதில், அந்த இரண்டு கால்களைச் சுற்றியிருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் மண்ணின் பிடியை எப்படிக் கணக்கிட்டார்கள்? அந்தக் கணக்கின் வேரைத் தேடிப் போனால் அமெரிக்காவின் டெக்சஸில், மஸ்டாங் தீவின் மணலில் போய் நிற்போம். 24 அங்குல விட்டமுள்ள குழாய்களைப் புதைத்து, பக்கவாட்டில் தள்ளி, மணல் எப்படி எதிர்க்கிறது என்று அளந்து 1974-ல் வெளியிட்ட ஆய்வு அது. எண்ணெய் மேடைகளுக்காகச் செய்தது. அந்த ஆய்வு வரைந்த வளைகோடுகளை வைத்துத்தான் 4 மீட்டர், 6 மீட்டர், 8 மீட்டர் விட்ட மோனோபைல்களை வடிவமைத்துவந்தார்கள். மறுபடியும் சிறு குழாயின் அனுபவத்தில் பெருங்குழாய்.

ஆக்ஸ்போர்டு, லண்டன் இம்பீரியல், டப்ளின் பல்கலைக்கழகங்களின் பொறியாளர்கள், இந்த முறை எதுவும் நழுவும்வரை காத்திருக்கவில்லை. பிரான்சின் டன்கர்க் மணலிலும் இங்கிலாந்தின் கௌடன் களிமண்ணிலும் 2 மீட்டர் விட்டம் வரையுள்ள குழாய்களை அடித்து இறக்கி, பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். பழைய கோடுகள் தவறு என்று அந்தக் குழாய்கள் காட்டின.

ஆனால் இம்முறை தவறு எந்தப் பக்கம்?

(தொடரும்)